மீன் வளரவில்லை

இரவு இரண்டே கால் மணி. பாழடைந்த கல்குவாரிக்குப் போகிற சாலை. ஒரு பழைய பைக் முக்கி முனகிக்கொண்டு போகிறது. ஓட்டுகிறவன் என் சிநேகிதன் சோடாபுட்டி. பின்னால் அவன் அக்கா. ஒரு விளக்கு இல்லை, ஒரு நாய் இல்லை... அக்கா மட்டும் "வேகமா போடா, வேகமா போடா" என்று அவன் முதுகில் குத்திக்கொண்டே வருகிறாள்.

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். கரண்டு வரும்போது வரட்டும். நடுவில் எவனாவது பின்னாலிருந்து "உய்ய்" என்று கத்தினால் அறைந்துவிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன். இது எங்கேயோ கேட்ட கதை இல்லை. இதில் வருகிற படங்களையெல்லாம், அதோ, அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிற மெஷினில் பிரிண்ட் போட்டவன் நான்.

சோடாபுட்டியின் மச்சான், அந்த அக்காவின் புருஷன், ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் படம்தான் பிழைப்பு. "தாடையை இறக்குங்க, சிரிக்காதீங்க" என்று பகலெல்லாம் சொல்வார், மனசு மட்டும் குவாரித் தண்ணீரில் கிடக்கும். அவ்வளவு தூண்டில் பைத்தியம். இத்தனைக்கும் அந்த வீட்டில் ஒருவரும் மீன் தின்பதில்லை. அக்காவுக்கு அந்த வாடையே ஆகாது. பிடிப்பார், படம் எடுப்பார், திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் மண்புழு டப்பா. கேட்டால், "அதுவும் உயிர்தானே, சூடு தாங்காது" என்பார்.

ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தன் பைத்தியத்தைத் தானே படம் எடுத்துக் கண்காட்சி வைப்பது. வாரம் ஒரு படம், மொத்தம் நாற்பது. ஒரே இடம், ஒரே நேரம். பாறையில் கேமரா ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் பெயின்டில் மூன்று புள்ளி வைத்தார். தான் நிற்பதற்கு ஒரு வெள்ளைக் கோடு. டைமரைத் தட்டினால் பத்து விநாடி... டிக், டிக், டிக்... ஓடிப்போய்க் கோட்டில் நின்று, மீனைக் கேமராப் பக்கம் நீட்டிப் பிடிக்க வேண்டும். தூண்டில் போடுகிற எல்லாரும் செய்கிற திருட்டுதான். நீட்டினால் மீன் பெரிதாகத் தெரியும்.

வாரா வாரம் அகப்பட்டது ஒரே கெளுத்தி. இடப்பக்க மீசை பாதி அறுந்தது. தராசில் போட்டால் மூன்று கிலோ எழுநூறு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எனக்காகவே வந்து நிக்குதுடா! கட்டின பொண்டாட்டிகூட இப்படிக் காத்திருக்க மாட்டா" என்றாராம் சோடாபுட்டியிடம். அக்கா உள்ளேதான் இருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

முப்பத்தொன்பது படம் முடிந்தது. ஸ்டுடியோவில் படங்களைத் திருத்துகிறவள் அக்கா. எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பினாள். மச்சான் குனிந்து பார்த்துவிட்டுத் துள்ளினார்.

"பாத்தியா? முதல் படத்துல மீன் என் நெஞ்சளவு. இதுல என்னைவிடப் பெருசு. வளருதுடீ!"

அக்கா அடிக்கோல் எடுத்து ஒவ்வொன்றாக அளந்தாள்.

"மீன் வளரலைங்க. எல்லாப் படத்துலயும் மீன் ஒரே அளவுதான் இருக்கு. கேமராவும் நகரலை. நீங்கதான் பின்னாடி போய்க்கிட்டே இருக்கீங்க. இங்க பாருங்க, வெள்ளைக் கோடு உங்களுக்கு முன்னாடி கிடக்கு. இதுல குதிகால் தண்ணிக்குள்ள இருக்கு."

"நான் கோட்டு மேலதான்டீ நிப்பேன்!"

"சரி. மீன் இருந்த இடத்துலயே இருக்கு, நீங்க மட்டும் பின்னால போறீங்கன்னா... நடுவுல கை?"

மச்சான் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் வலது கையைப் பார்த்தார். சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் ஏறி நின்றது. இடது கைப் பக்கம் சரியாக இருந்தது.

"தொவைச்சதுல சுருங்கியிருக்கும்."

"ஒத்தைக் கை மட்டும் சுருங்குமா? உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், இனிமே போகாதீங்க. நீங்க இல்லாட்டி எனக்கு யாரு இருக்கா?"

நாற்பதாவது எடுத்துவிட்டுத் தூண்டிலை ஒடித்துப் போடுவதாகச் சத்தியம் செய்தார். அவள் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. கதவு திறந்து கிடந்தது. அதனால்தான் தம்பிக்குப் போன், அந்தப் பைக், அந்தச் சாலை.

குவாரிக்குள் இறங்கினார்கள். ஈர இரும்பு மாதிரி ஒரு வாடை. கேமரா டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பத்து விநாடி தாண்டியும் நிற்கவில்லை... இருபது... முப்பது. மச்சான் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். வலது கையில் மீன். அந்தக் கை... எவ்வளவு நீளம் என்று நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். சோடாபுட்டி சொல்ல மாட்டேன் என்கிறான்.

அக்கா தண்ணீரில் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இவன் அவளைப் பிடித்து இழுத்தான். மீன் வழுக்கி விழுந்தது. கரையேறி மூன்று பேரும் பாறையில் உருண்ட அந்த நேரத்தில்தான் கேமரா "க்ளிக்" என்றது.

அந்த நாற்பதாவது படம் என் கையில்தான் வந்தது. மூன்று பேரும் பாறைமேல் கிடக்கிறார்கள். மச்சானின் கீழுதட்டிலிருந்து மெல்லிசாக ஒரு நரம்பு, தூண்டில் நரம்பேதான், பளபளவென்று நேராகத் தண்ணீருக்குள் போகிறது. பாறையில் இருந்தபோது அதை ஒருவரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தார். கை பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. தூண்டிலை அக்காவே ஒடித்தாள். எல்லாம் சரி, வாயை மட்டும் அவர் திறப்பதில்லை. வாரம் ஒருமுறை அதே நாள், இரண்டே கால் மணிக்கு எழுந்துகொள்வார். கண் மூடியிருக்கும். முதலில் தாடை நீளும், அப்புறம் கழுத்து, அப்புறம்தான் கால் நகரும். கதவை நோக்கிப் போவார். அக்கா தன் மணிக்கட்டையும் அவர் மணிக்கட்டையும் துணியால் முடிந்துகொண்டு படுத்தாள். "தோலே உரிஞ்சாலும் சரி, என் புருஷனை நான் விட மாட்டேன்டா" என்றாள்.

வாரத்துக்கு வாரம் இழுப்பு கூடிக்கொண்டே போனது. போன வாரம் துணைக்குப் போய்ப் படுத்திருந்தான் சோடாபுட்டி. நேரம் வந்தது. இரண்டு பேர் பிடித்தும் நிற்கவில்லை. கட்டில் நகர்ந்தது. கதவுத் தாழ்ப்பாள் பிய்ந்தது. வாசல் வரை தரையில் தேய்ந்துகொண்டே போனார்கள். அக்காவின் முழங்காலெல்லாம் ரத்தம். "என்னையும் சேத்து இழுத்துக்கோ, தனியா விட மாட்டேன்!" என்று அந்த இருட்டைப் பார்த்து அலறினாளாம்.

பட்டென்று இழுப்பு தளர்ந்தது. இழுத்த வேகத்தில் மூன்று பேரும் மல்லாந்து விழுந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. அக்கா எழுந்து அவர் முகத்தைத் தடவிப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையுமாக, "விட்டுடுச்சுடா தம்பி! விட்டுடுச்சு!" என்று அவரைக் கட்டிக்கொண்டாள்.

அத்தனை வாரத்தில் மச்சான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். ரொம்ப சாதாரணமாகச் சொன்னாராம்.

"விடலைம்மா... நரம்புக்குக் கொஞ்சம் லூசு குடுத்திருக்கு. மீன் களைக்கிற வரைக்கும் நாங்களும் அப்படித்தான் பண்ணுவோம்."