தலையாட்டிய கெடா

— கெடா வெட்டக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு லா, ருக்குமணி? மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு. தலைய ஆட்டி முனியாண்டி உத்தரவும் குடுத்தாச்சு.

— இந்த மலைக் குளிர்ல விடியக்காலம் பச்சத்தண்ணிய ஊத்துனா எந்தக் கெடா அண்ணே தலைய ஆட்டாது? அதுக்குப் பேரு உத்தரவா?

— வாய அடக்கு. எஸ்டேட்டுல ஆளுங்கள வேல வாங்குற மண்டோர், கோயிலுக்குத் தலைவர், இந்தச் சிங்காரத்துக்கே சாமி பத்திச் சொல்லித் தரியா? வெளிநாட்டு பிளேன் வரணும், பர்மாவுல உன் ஊரு பக்கத்து ராணுவக் கேம்ப் எரியணும், நாட்ட ஆளுற ஜெனரலுங்க ஒழியணும்னு இதே எடத்துல உருண்டு அழுதது யாரு?

— நாந்தான்.

— அப்புறம் என்ன? பிளேன் வரப் போவுதுன்னு ஊரே பேசுது. இப்ப வந்து நிறுத்துங்கிற.

— ஊரு பேசும். கம்போங் ராஜா டவுனுல கனி பாய் கடையில ரொட்டி சானாய் பிச்சிக்கிட்டே நீங்க எத்தன கேம்ப்ப எரிச்சிருப்பீங்க. குண்டு விழுற எடத்துல ஜெனரல் வந்து நிப்பான்னு நெனப்பு. அவன் நெலத்துக்கடியில ஏசி போட்டுத் தூங்குவான்.

— உள்ளூரு ஆளுங்களால கொடுமைக்காரன அடக்க முடியலன்னா வெளியாளு வந்துதான் ஆகணும். உன் புருசன் கொடி புடிச்சு ரோட்டுல நின்னான். அந்தக் கேம்ப்புக்காரனுங்கதான் நெஞ்சுல சுட்டானுங்க. உன் ஊரு சனம் என்னத்தக் கிழிச்சிச்சு?

— வெளியாளு நமக்காகவா அண்ணே வருவான்? அவனுக்கு என்ன வேணுமோ அதுக்கு வருவான்.

— யாருக்காக வந்தா என்ன லா, சுடறவன் செத்தா சரி. கேம்ப்புல இருக்கறவனுக்குப் போயி பாவப்படுறியே, தூ. நன்றி கெட்ட சென்மம்.

— கேம்ப்புல யாரு இருக்கான்னு தெரியுமா? பஸ்ஸுல போறவன், டீக்கடையில நிக்கறவன், பதினெட்டு வயசு ஆயிட்டா போதும், புடிச்சிட்டுப் போயி கையில துப்பாக்கியத் திணிக்கறானுங்க.

— மானம் உள்ளவனா இருந்தா ஓடிப் போவான்.

— ஓடினா வீட்டுல இருக்கற கெழவனப் புடிச்சிட்டுப் போவானுங்க. நீங்க ஓடுவீங்களா?

— என் கதை வேற. உனக்கென்ன கவல? உன் மகன் வசந்தன்தான் தாய்லாந்துக்குத் தப்பிச்சிட்டானே.

— தப்பிக்கல. எல்லைக்கு முன்னாலயே பஸ்ஸ நிறுத்திப் புடிச்சிட்டானுங்க. நேத்துதான் போன் போட்டான். அந்தக் கேம்ப்புலதான் இருக்கான்.

— எந்தக் கேம்ப்பு? நாம எரியணும்னு வேண்டிக்கிட்ட கேம்ப்பா?

— அதேதான். என்ன அண்ணே, மானம் உள்ளவன் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீங்களே.

— வந்த ஒடனே சொல்றதுக்கு என்னம்மா? சரி, நட. வேண்டுதலக் கலைச்சிடுவோம். கெடாவ நானே அவுத்து விடறேன்.

— அவுக்காதீங்க. வெட்டுங்க. என் புருசனச் சுட்டவனுங்களுக்கு ஒன்னும் ஆகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வெட்டுங்க.