நார்பர்ட்டின் நாக்கு

"ஹலோ... ஹலோ... யாரு?... வெர்னாவா? அடி, உனக்குத்தான் போன் போடணும்னு கையை நீட்டினேன், நீயே... ஆமா... ஆமா ஆமா... இரு, நான் சொல்றதை முதல்ல கேளு. சனிக்கிழமை வர்றப்ப அந்த வெள்ளை நூல்கண்டு கொண்டு வராதே... இல்ல இல்ல, கொண்டு வா... ஐயோ, எனக்கே தெரியலையேடி!... என்னது? டெலிவிஷன்ல மல்யுத்தமா? எவன் எவன் முடியைப் பிடிச்சு இழுத்தா எனக்கென்ன? இங்க என் வீட்டுலயே மல்யுத்தம் நடக்கப்போகுது. உக்காரு. உக்காந்துட்டியா?"

ஆர்வில்லா டெஷ் உட்காரவில்லை. சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசிக்கு முன்னால், மாவு படிந்த கையோடு நின்றிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு, ஆகஸ்ட் மாதம், வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி. மறுமுனையில் அவள் தங்கை வெர்னா. கணவனை இழந்தவள், விஸ்கான்சின் எல்லைக்கு அந்தப் பக்கம் இலினாய் மாநிலத்தில் தனியாக இருக்கிறாள்.

நூல்கண்டு என்றால் நூல்கண்டு இல்லை, மார்ஜரின். தாவர எண்ணெயில் செய்த வெள்ளைக் கட்டி. கூடவே ஒரு சிவப்புச் சாயக் குமிழ் இருக்கும். அதை நசுக்கிப் பைக்குள்ளேயே பிசைந்தால் கட்டி வெண்ணெய்போல மஞ்சளாகிவிடும். விஸ்கான்சின் வரி இல்லாமல் எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கினால் ராத்தல் நாற்பது சென்ட். வெண்ணெய் எண்பத்தொன்பது. விஸ்கான்சினில் மாடு வைத்திருப்பவன் வீட்டில் மார்ஜரின் இருப்பதும் பாதிரியார் வீட்டில் சீட்டுக்கட்டு இருப்பதும் ஒன்றுதான். அதிலும் ஆர்வில்லாவின் கணவன் நார்பர்ட், மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளர். மார்ஜரினை 'வண்டிச் சக்கரத்துக்குப் போடும் மசகு' என்று கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசுகிறவர். கறக்கிற பாலையெல்லாம் சொட்டு விடாமல் ஆலைக்கு ஊற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து ரொட்டியில் அந்த மசகைத் தடவி இரண்டு வருஷமாகச் சாப்பிட்டு வருகிறார். அவருக்கு அது தெரியாது. இதைத் துரோகம் என்கிறவர்கள் வாரம் மூன்று ராத்தல் வெண்ணெய் வாங்கிக் குடும்பம் நடத்திப் பார்க்கட்டும்.

"கேளு. சனிக்கிழமை கண்காட்சியில மேடை போடறாங்க. சங்கத்து ஆளுங்க மூணு பேரு, பாதிரியாரு ஒருத்தரு, நாலு பேரும் கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காருவாங்க. முன்னாடி ரெண்டு தட்டு. ஒண்ணுல வெண்ணெய், இன்னொண்ணுல நம்ம... நூல்கண்டு. நாக்குல வெச்ச உடனே எது வெண்ணெய்னு சொல்லணும்... யாரு யோசனைங்கறே?... வேற யாரு, எங்க வீட்டுக்காரர்தான்! 'மாடு வெச்சிருக்கறவன் நாக்கு பொய் சொல்லாது'ன்னு பத்திரிகையில அவரு படத்தோட போட்டாச்சு... சிரிக்காதே... வெர்னா, சிரிக்காதேடி, வயித்தெரிச்சலா இருக்கு... எப்படித் தெரியாமப் போகும்னு கேக்கறியா? நேத்து சோதிச்சுப் பாத்தேன்டி! காசு கொடுத்து அசல் வெண்ணெய் வாங்கி, ரொட்டியில நல்லா தடவி வெச்சேன். ஒரு கடி. முகம் போன போக்கைப் பாக்கணும்! 'ஆர்வில்லா, எவனோ உன்னை ஏமாத்தி அந்த மசகைத் தலையில கட்டிட்டான்'ங்கறாரு!... ஆமா! வெண்ணெயைத்தான்!... மீதியை நாய்க்குப் போட்டாரு. அது தட்டையும் சேத்து நக்கிச்சு. வெண்ணெய்னா என்னன்னு தெரிஞ்ச ஒரே ஜீவன் இந்த வீட்டுல அதுதான்."

வெர்னா சிரிக்க ஆரம்பித்தால் லேசில் நிறுத்துகிறவள் அல்ல. ஆர்வில்லா ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"முடிச்சியா?... உண்மையைச் சொல்லிடவா? நல்லா சொன்னே! அப்புறம் இந்த வாஷிங் மிஷின் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாரே? ரெண்டு வருஷமா மிச்சம் பிடிச்ச காசுல வாங்கினது. ரேடியோ பாட்டுப் போட்டியில ஜெயிச்சேன்னு சொல்லி வெச்சிருக்கேன்... ஆமாண்டி, நம்பிட்டாரு! அந்த நிலையத்துக்கு நன்றிக் கடிதமே எழுதினாரு, ரெண்டு பக்கம். தபால்ல சேக்கறேன்னு வாங்கி அடுப்புல போட்டேன்... இல்ல, விளையாட்டு இல்ல வெர்னா. அவரு நல்ல மனுஷன். வாய்தான் பெருசு, மனசு பச்சைப் புள்ளை. நானூறு பேர் முன்னாடி கண்ணைக் கட்டிக்கிட்டு மார்ஜரினைத் தூக்கிப் பிடிச்சு 'இதான் வெண்ணெய்'னு கத்தி, எல்லாரும் சிரிச்சா... என்னால பாக்க முடியாதுடி. அந்தக் கட்டை அவுக்கறப்ப அவரு முகத்தை என்னால பாக்கவே முடியாது... ஹலோ?... யாரு?... ஓ, ஆபரேட்டரம்மா. மூணு நிமிஷம் ஆச்சா? வெர்னா, மூணு நிமிஷம் ஆனா சொல்லச் சொன்னது நீதானே?... இன்னும் காசு கட்டிப் பேசறியா? சரி. காசு உன்னுது, நான் என்ன சொல்ல... ஹலோ? சத்தமாப் பேசு. குரல் எங்கேயோ கிணத்துக்குள்ளேருந்து வருது. ஹலோ?"

அந்தச் சாலையில் நாலு வீட்டுக்கு ஒரே கம்பி. டெஷ் வீட்டுக்கு இரண்டு நீளம், ஒரு குட்டை மணி. அது அடித்தால் மற்ற மூன்று வீட்டிலும் அடிக்கும், யாருக்கு அழைப்பு என்று எல்லோருக்கும் தெரியும். சத்தமில்லாமல் எடுத்துக் கேட்பது வழக்கம். கேட்டதை உடனே வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பது மரியாதை. ஆனால் ஒவ்வொருவர் ரிசீவரைத் தூக்கும்போதும் பேசுகிறவள் குரல் ஒரு படி இறங்கும். அப்போது கத்த வேண்டிவரும். ரகசியத்தைக் கத்திச் சொன்னதில் அந்தச் சாலையில் ஆர்வில்லா முதல் ஆள் இல்லை.

"மார்ஜரின்டி! மார்-ஜ-ரின்! நூல்கண்டு இல்ல!... ஐயையோ. இரு. ஒரு கடிகாரம் டிங் டிங்னு அடிக்குது, உன் வீட்டுலயா?... உன் வீட்டுல கடிகாரம் இல்லையா? அப்போ அது... கிளாடிஸ்! கிளாடிஸ், எனக்குத் தெரியும் நீதான். நாள் பூரா அஞ்சு நிமிஷம் பிந்தி அடிக்கற கடிகாரம் இந்த மாவட்டத்துலயே உன் வீட்டுலதான் இருக்கு!... என்ன?... எப்பலேருந்து கேக்கறே?... நாய் கதைலேருந்தா? வெக்கமா இல்ல உனக்கு? நாளைக்கு ஊரு பூரா தண்டோரா போட்டுருவியே... அழறியா? நீ எதுக்கு அழறே?... ம்... ம்ம்... உங்க வீட்டுலயுமா?... எத்தனை நாளா?... மூணு வருஷமா! அடிப்பாவி, என்னைவிட ஒரு வருஷம் சீனியரு! உன் புருஷனும்தானே மேடையில உக்காரப்போறாரு?... சரி சரி, மூக்கைச் சிந்து. நாம சேந்தே முழுகலாம்... வெர்னா, சிரிக்காதே!"

ஆர்வில்லா அடுப்பை அணைத்தாள். கேக் இன்றைக்கு வேகப்போவதில்லை.

"வழி இருக்கு கிளாடிஸ். தட்டை வெக்கறது யாரு? பாதிரியார் வீட்டம்மா, மிசஸ் ராஸ்மஸ். மாத்தி வெச்சிடுங்கன்னு கேட்டா?... கேக்க முடியாதுதான். நேரா நரகத்துக்கு வழி சொல்லிடுவாங்க. பொய்னா அந்தம்மாவுக்கு... ஹலோ? யாரு இருமறது?... மிசஸ் ராஸ்மஸ்? நீங்களா?... இல்லம்மா, நாங்க சும்மா... ஒரு நாடகத்துக்கு ஒத்திகை... ஆமாம்மா... மன்னிச்சுக்குங்கம்மா... சரிம்மா, பொய்தான்... என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமா... கோயில் சமையலறையில வெண்ணெய் இல்லையா? பின்ன ஞாயித்துக்கிழமை காபிக்கு நாங்க தின்ன பிஸ்கட்டெல்லாம்?... அம்மா!... ரெண்டு வருஷமா?... பாதிரியாருக்குத் தெரியுமா?... அவரு தினம் ஜெபம் பண்ணிட்டுத் தின்னறது அதைத்தானா!... இல்லம்மா, நான் குத்தம் சொல்லலை. கூரை ஒழுகறதுக்குக் காசு வேணும்தானே... அப்போ சனிக்கிழமை ரெண்டு தட்டுலயும்?... ரெண்டுலயும் ஒண்ணேதானா!"

அவள் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வெர்னா, கேட்டியா? ரெண்டு தட்டுலயும் நம்ம நூல்கண்டு! எந்தத் தட்டை எடுத்து 'இதான் எங்க வெண்ணெய்'னு சொன்னாலும் அந்தம்மா 'சரி'ன்னு தலையாட்டிட்டா முடிஞ்சது. 'ரெண்டும் ஒண்ணா'ன்னு நேரா கேட்டா மட்டும்தான் அவங்க பொய் சொல்ல மாட்டாங்க, யாரு கேக்கப்போறா? என் வீட்டுக்காரரு, கிளாடிஸ் வீட்டுக்காரரு, பாதிரியாரு... மூணு பேரும் ஜெயிச்சாச்சு!... என்ன?... நாலாவது ஆளா? நாலாவது ஆளு... ஐயோ. ஹால்வர்."

ஹால்வர் ஸ்கார், ஐம்பது வயது பிரம்மச்சாரி. ஆறு மாடு, ஒரு கட்டில், ஒரு தட்டு. தன் வெண்ணெயைத் தானே கடைந்து தின்கிறவர். அவரை ஏமாற்ற வீட்டில் மனைவி இல்லை. அந்த மாவட்டத்திலேயே கெடாத நாக்கு அவர் ஒருவருக்குத்தான்.

"அவரு ரெண்டு தட்டையும் மேடையிலேயே துப்பிடுவாரு. 'இது ரெண்டுமே வெண்ணெய் இல்ல'ன்னு ஒரே வரி. அந்த மனுஷன் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசறவரு, அதுல ஒண்ணுகூடப் பொய் இருக்காது... போச்சு... எல்லாம் போச்சு. அந்தக் கஞ்சப் பிசினாறிக்குக் கல்யாணம்னு ஒண்ணு காலத்துல நடந்திருந்தா இந்தக் கஷ்டம் நமக்கு... ஹலோ? யாரு மூச்சு விடறது? கிளாடிஸ், நீயா?... மிசஸ் ராஸ்மஸ்?... பின்ன யாரு?... ஹால்வர்?"

ஆர்வில்லா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"ஹால்வர், நான் கஞ்சப் பிசினாறின்னு சொன்னது வேற ஆளை... சரி, உங்களைத்தான்... ம்... ம்... இல்ல, பொய் சொல்லச் சொல்லலை. நீங்க சொல்லவும் மாட்டீங்க... தெரியும்... ஆனா நார்பர்ட் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாரு? போன குளிர்ல உங்க மாடு கன்னு போடறப்ப ராத்திரி பூரா கூட இருந்தாரே... ம்... என்ன? யாரு சிரிக்கறது? என் தங்கச்சி, வெர்னா... வியாழக்கிழமை சிரிப்பா? அப்படின்னா?... ரெண்டு வருஷமா ஒவ்வொரு வியாழக்கிழமையும் எடுத்துக் கேக்கறீங்களா? எதுக்கு?... சிரிப்புக்கா?... வெர்னா, லைன்ல இருக்கியா? ஏன் சத்தத்தையே காணோம்? இவ்வளவு நேரம் சிரிச்சியே, இப்பச் சிரியேன்!"

அவள் பேசப் பேச ரிசீவரில் இரண்டு குரல்கள் ஒன்றையொன்று தடுமாறித் தடுமாறித் தேடிக்கொண்டன. ஆர்வில்லாவுக்கு முதல் முறையாகத் தன் போனில் தனக்கு வேலையில்லை என்று பட்டது.

"ஆமா ஹால்வர், சனிக்கிழமை ரெண்டு மணி பஸ்லதான் வர்றா... எப்பவும் நார்பர்ட்தான் கூட்டிட்டு வருவாரு, அன்னிக்கு அவருக்கு மேடை... நீங்களா?... உங்க லாரியிலயா?... ஆனா மேடையும் ரெண்டு மணிக்குத்தானே ஆரம்பிக்குது?... ஓ. ஓஹோ! மூணு பேரு போதுமா? போதும் போதும், தாராளமாப் போதும்! மிசஸ் ராஸ்மஸ், மூணு நாற்காலி போடுங்கம்மா!... ஐயா, உங்களுக்குக் கோடி புண்ணியம்... வெர்னா, அந்த நீலத் தொப்பியைப் போட்டுட்டு வா... நான் ஏன் சொல்லக்கூடாது? நான் அக்கா, சொல்லுவேன்... ஆபரேட்டரம்மாவா? மறுபடியும் மூணு நிமிஷம் ஆயிடுச்சா? இவ காசு தீந்து போயிருக்கும், போதும்னு... என்ன? இன்னும் மூணு நிமிஷமா? யாரு கணக்குல?... திருப்பிச் சொல்லுங்க... ஹால்வர் கணக்குலயா!"

தபால்தலையைக்கூட ஆவி காட்டி எடுத்து இரண்டாம் தடவை ஒட்டுகிறவர் ஹால்வர் ஸ்கார். ஆர்வில்லாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அப்போ கல்யாணமே முடிஞ்ச மாதிரிதான்... சரிடி, சரி... வெக்கறேன். அவரு காசு, அவரு பேசட்டும்... கிளாடிஸ், வை. மிசஸ் ராஸ்மஸ், நீங்களும் வெச்சிடுங்கம்மா, பாவம், சின்னஞ்சிறுசுங்க... ஆமா, எல்லாரும் வெச்சாச்சு... நானா? நானும் வெச்சுட்டேன்... வெச்சுட்டேன்டி!... அதான் சொல்றேனே, எப்பவோ வெச்சுட்டேன்!... நீங்க பேசுங்க ஹால்வர், ஒருத்தரும் கேக்கலை... ச்சே. சரி."

டக்.