எதையும் அழுத்தாதவர்கள்

மேசைத் தொலைபேசி வாங்குகிறவர்கள் முதலில் ரிசீவரைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும், ஐயா. வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்பதில்லையா, அது போல. கனமில்லாத ரிசீவர் ஆகாது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் நிற்காமல் நழுவி மேசையில் விழும். எதிர்முனையில் இருப்பவருக்கு மலையே சரிந்த மாதிரி கேட்கும். விளம்பரத் தாளில் இதையெல்லாம் போடமாட்டார்கள்.

நீங்கள் கேட்பது அந்தப் பிற்பகலைப் பற்றி என்று தெரியும். ஆனால் போன் வாங்கின கதையை விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னால் தலையில்லாத முண்டமாகத்தான் இருக்கும்.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கிற சின்ன ஆபீஸ். முதலாளியான பெரியவர், அவர் மகன் சின்னவர், மருமகள் என்று நாங்கள் சொல்லும் சின்னவரின் மனைவி, கணக்குப் பார்க்கிற அம்மா, மொட்டை என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக், அப்புறம் நான். எங்கள் பொறுப்பில் இருக்கிற லிஃப்ட் எது நடுவழியில் நின்றாலும், உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எங்கள் ஆபீஸில் மணி அடிக்கும். எடுப்பவன் நான். அந்த இரும்புப் பெட்டிக்குள் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. ஆகவே மாட்டிக்கொண்டவருக்கு அந்த நேரத்தில் உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே மனிதன் நான்தான்.

அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்று என் வாயால் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன். என் ‘வணக்கம்’ காதில் விழுந்தாலே பாதி லிஃப்டுகள் வெட்கப்பட்டுக் கிளம்பிவிடும், மீதிப் பாதிக்குத்தான் மொட்டை போக வேண்டும் என்று பெரியவரே சொல்லியிருக்கிறார். ஒருமுறை ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டார். நான் பேசிய பேச்சில் உள்ளேயே தூங்கிவிட்டார். கதவைத் திறந்து எழுப்பியதற்காக மொட்டை மேல் வழக்குப் போடுவதாக மிரட்டினார். மொட்டை இதைப் பொய் என்பான். அவன் தலையில் முடி இருப்பதாகவும்தான் சொல்வான்.

இப்படி இருக்கையில் சின்னவருக்கு இன்டர்நெட் போன் ஆசை வந்தது. எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். இனிமேல் யார் கூப்பிட்டாலும் பதிவு செய்த குரல் பேசுமாம். புது லிஃப்டுக்கு ஒன்று, பில்லுக்கு இரண்டு, பழுதுக்கு மூன்று, உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் நான்கு. நான்கை அழுத்தினால் நேராக மொட்டையின் மேசையில் மணி அடிக்கும். நடுவில் ஆள் எதற்கு என்று கேட்டார். நடுவில் இருந்த ஆளான நான் அப்போது எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு என் குரலில் பேசிக் காட்டினார்.

“வணக்கம்மா, பயப்படாதீங்கம்மா, நீங்க எந்த மாடிம்மா, சாப்டீங்களாம்மா... இதுக்குள்ள லிஃப்ட்ல இருக்கறவன் ரிட்டயரே ஆயிடுவான் மாமா.”

சிரித்தார்கள். கணக்கு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மொட்டை மேசையைத் தட்டிச் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கில்லை, ஐயா. என்னை மாமா என்று கூப்பிடும் அந்தப் பிள்ளை என் மடியில் உட்கார்ந்து ஆபீஸின் பழைய போனில் நம்பர் சுற்றி விளையாடியவன். நானும் சிரித்தேன். சிரிக்கிறபோது பல்லைக் கடிப்பது சிரமம். அன்றைக்கு அதையும் கற்றுக்கொண்டேன்.

“போனைப் பத்தி உங்களுக்குத்தான் மாமா தெரியும். நல்லதா நீங்களே பாத்து எடுங்க” என்றார்.

தூக்குக் கயிற்றைத் தூக்கில் தொங்கப்போகிறவனையே வாங்கிவரச் சொல்வது. சரி என்றேன். சொன்ன வேலையைத் தட்டாமல் செய்கிறவன் நான். நல்ல கயிறாகவே பார்த்தேன்.

போன் விற்கிறவர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு பெட்டியோடு வந்தார். மூன்று மாடல். முதலாவது தக்கை, ஊதினால் பறக்கும். இரண்டாவதன் திரையில் தெரியும் எழுத்தை எறும்புதான் படிக்க முடியும். மூன்றாவது நல்ல கனம். அதில் இன்னொரு வசதி. கூப்பிடுகிறவர் செய்தி பதிவு செய்துகொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரில் கேட்கலாம். பிடித்தால் ரிசீவரை எடுத்துப் பேசலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். எனக்கு அதுதான் பிடித்தது.

டைக்காரர் கெட்டிக்காரர். போன்களை மாட்டிவிட்டு, சின்னவரையும் என்னையும் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். “யாராச்சும் எந்த நம்பரையும் அழுத்தாம சும்மா இருந்தா கால் எங்க போகணும் சார்? மெக்கானிக்குக்கே ரிங் போற மாதிரி வச்சிடட்டுமா?”

சின்னவர் செல்போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். மாமாவைக் கேளுங்கள் என்று கையைக் காட்டினார்.

இப்போது ஒன்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்டுக்குள் இருக்கிற பெட்டியில் எண்களே கிடையாது. ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். அதில் நான்கை அழுத்து என்றால் எதைப் போய் அழுத்துவது? லிஃப்டிலேயே சோறு தின்கிற கம்பெனியில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. மருமகள் வாயில் தேன் ஒழுக நான்கு வரை எண்ணிப் பதிவு செய்து கொடுத்துவிட்டார். எனக்குத் தோன்றியது. டைக்காரர் வாயை மூடுவதற்குள் தோன்றிவிட்டது.

“வேணாம் தம்பி. எதையும் அழுத்தாதவங்க என் மேசைக்கு மெசேஜா வரட்டும்” என்றேன்.

அவர் அப்படியே செய்தார். சின்னவர் தலையாட்டினார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான். எவனாவது ஒருவன் மாட்டிக்கொள்வான், வெளியே வந்து ஆபீஸ் கதவை உதைப்பான், சின்னவர் முகத்தில் ஈயாடாது, ‘மாமா, நீங்களே எடுங்க’ என்று வந்து நிற்பார். அதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் எங்கள் மொட்டை பாவி, எண்ணெய் போட்டே எல்லா லிஃப்டையும் ஒழுங்காக ஓட வைத்திருந்தான். நான் பழைய ரசீதுகளை அடுக்கிக்கொண்டு, மருமகளின் குரல் எல்லோரையும் வரவேற்பதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளி வைத்துவிடுவேன், ஐயா. வீட்டில் மனைவி என்ன கோபம் என்று கேட்டாள். கோபமா, எனக்கா என்றேன்.

அந்த விடுமுறை நாளில் ஆபீஸில் மொட்டைக்கும் எனக்கும் டியூட்டி. அவன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் போனில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஸ்பீக்கரில் வந்தது தெரிந்த குரல். நாலாவது மாடியில் தையல் கடை வைத்திருக்கிற அம்மா. அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு அவர் மேல் தனிப் பிரியம், முன்பெல்லாம் அடிக்கடி பிடித்து வைத்துக்கொள்ளும். அவருக்கு இளைப்பு உண்டு. பயந்தால் மூச்சு வாங்கும். இன்றைக்கு என்ன தைக்கிறீர்கள், கழுத்து வட்டமா சதுரமா என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். பதில் சொல்லச் சொல்ல மூச்சு சமமாகிவிடும். அது ஒரு வித்தை. மருமகளுக்கு வராது.

முதல் தடவை, லிஃப்ட் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னார். லைன் அறுந்தது. மறுபடி அழுத்தியிருக்கிறார், மறுபடி ஒன்றிலிருந்து நான்கு வரை கேட்டிருக்கிறார். இந்த முறை, “எதை அழுத்தறதுன்னு தெரியலையே, இங்க ஒரு பட்டன்தான் இருக்கு” என்றார். மறுபடியும். மருந்து மேலே கடையில் இருக்கிறது என்றார். அதற்கப்புறம் வந்தவற்றில் சொற்கள் குறைவு.

மொட்டை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். “அண்ணே, ஏதாச்சும் போன் வந்துச்சா?”

“உனக்கு வந்தா உன் போன் அடிக்கும்பா” என்றேன். அது உண்மைதான். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

ரிசீவர் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கையை அதன் மேல்தான் வைத்திருந்தேன். நல்ல கனமான ரிசீவர் என்று முதலிலேயே சொன்னேன். ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த அம்மா பிழைத்திருப்பார். மறுநாள் சின்னவர் எல்லோரையும் கூட்டி, “பாத்தீங்களா, சிஸ்டம் எவ்ளோ நல்லா வேலை செய்யுது” என்று சொல்லியிருப்பார். அதைக் கேட்டுக்கொண்டு நான் மறுபடி காபி ஊற்ற வேண்டும். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

மாலையில் அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் மொட்டையின் செல்லுக்குக் கூப்பிட்டான். மொட்டை பறந்தான். கதவைத் திறந்தபோது அந்த அம்மாவுக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. மொட்டை திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான்தான் செய்தேன், ஐயா. டைக்காரரோ மருமகளோ மொட்டையோ இல்லை. தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். அந்தப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். கடைசியில் இருப்பதைச் சின்னவருக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். மூச்சுச் சத்தம்தான் அதிகம், ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியிருக்கும். ‘அந்த அண்ணன் இல்லையா, அவரை எடுக்கச் சொல்லுங்க’ என்கிறார். மருமகளை இல்லை, ஐயா. என்னைத்தான் கேட்டார்.