வெட்டாத குழாய்

வேண்டாத சாமான்களை வாசலில் வைக்கும் வாரம் எனக்கு எப்போதுமே பிடிக்கும். அந்த வாரம் எங்கள் தெருவில் எல்லோரும் பழைய சோபா, கால் ஆடும் நாற்காலி, பேரப்பிள்ளைகள் ஓட்டி முடித்த சைக்கிள் என்று புல்தரை ஓரமாக அடுக்கிவிடுவோம். நகராட்சிக் கவுன்சில் லாரி வருவதற்குள் பாதி காணாமல் போய்விடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கேட்கவே வேண்டாம். ஒரே ஒரு மரியாதை உண்டு. ஓடாத சாமான் என்றால் அதன் வயரையோ குழாயையோ வெட்டிவிட்டுத்தான் வெளியே வைக்க வேண்டும். வெட்டாமல் இருந்தால் நல்ல சாமான் என்று அர்த்தம். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. கவுன்சில் எழுதி வைத்த சட்டங்களைவிட இதைத்தான் ஜனங்கள் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள்.

நீங்கள் மெல்பர்ன் நகருக்குள்ளிருந்து வந்தவர், எங்கள் குடாக்கரை ஊரைப் பற்றித் தெரிந்திருக்காது. நான், மாவிஸ் ட்ரெலோர், இங்கே குடியிருப்போர் சங்கத்தின் தலைவி. கவுன்சில் கூட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. வீடில்லாதவர்களுக்காகக் கொள்கை வகுக்கிறோம் என்று போன வருஷம் ஒரு கூட்டம் போட்டார்கள். ப்ரியானா என்று ஒரு கவுன்சிலர், மூக்கில் வளையம், காலில் தோட்டத்து பூட்ஸ். எங்கள் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு மஞ்சள் காகிதம் கொடுத்து, “வீடுன்னா உங்களுக்கு என்னன்னு மனசுல படறத எழுதி செவுத்துல ஒட்டுங்க” என்றாள். ஒருவர் ‘அரவணைப்பு’ என்று எழுதினார். இன்னொருவர் ஒரு பூ வரைந்தார். நான் ‘கூரை’ என்று எழுதினேன். அத்தனை பேரில் விஷயம் தெரிந்து எழுதியவள் நான் ஒருத்திதான்.

பிறகு, எங்கள் ஊர் விளையாட்டுக் கிளப்பின் பழைய பந்துருட்டும் மைதானத்தில் வாடகை குறைந்த குடியிருப்பு கட்டப்போகிறோம் என்றார்கள். மூன்று மாடி. நாங்கள் இப்போது ஆடும் பக்கத்து மைதானத்துப் புல்லின்மேல் சாயங்காலம் முழுக்க நிழல் விழும். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி அதை நிறுத்தினேன். நிறுத்துவது பெரிய காரியமில்லை. இந்தக் கவுன்சிலை நன்றாக ஒரு முறை முறைத்தால் போதும், கட்டவிருந்ததைக் கைவிட்டுவிட்டு சுவரில் திமிங்கிலம் வரையப் போய்விடும்.

கெரினைப் பற்றிக் கேட்டீர்கள். கெரின் டாயில், முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டும் வேலை. எனக்கு இரண்டு வீடுகள். ஒன்றில் நான் இருக்கிறேன், ஒட்டினாற்போல் இருக்கும் இன்னொன்றில் பல வருஷமாக அவள் குடியிருந்தாள். குறை சொல்ல முடியாத குடித்தனம். வாடகை நாள் தவறியதில்லை, வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் அடிப்பாள். ஆனால் கோடையில் விடுமுறைக்கு வருபவர்கள் ஒரு வாரத்துக்குத் தருவதை அவள் ஒரு மாதம் முழுக்கத் தந்தாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? சட்டப்படி அவகாசம் கொடுத்துத்தான் காலி செய்யச் சொன்னேன். போகும்போது அடுப்பைத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டுப் போனாள்.

அத்தோடு போயிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஊரில் அவளுக்குக் கட்டுப்படியாகிற வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. உள்நாட்டுப் பக்கம் போனால் கிடைக்கும், நானே சொன்னேன். வேலைக்குத் தூரம் என்றாள். ஒரு பழைய வேனை வாங்கி, கடற்கரைக் கார் நிறுத்தத்தில், என் இரண்டு வீடுகளுக்கும் நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினாள். கடலைப் பார்க்கத்தான் ஜனங்கள் பணம் கொடுத்து வருகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் கெரின் பல் விளக்குகிறாள். அவளுடைய ஈர உள்ளாடை வேன் கண்ணாடியில் தொங்குகிறது. அவளுடைய நாய், வயதான சடை நாய், தன் பழைய வீடு என்ற நினைப்பில் என் வாடகை வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். ‘எதிரே ஏதோ முகாம் போலிருக்கிறது’ என்று ஒரு குடும்பம் இணையத்தில் எழுதிவிட்டுப் போனது. குளிர்காலம் வந்ததும் வருவதாக இருந்தவர்களும் வரவில்லை. அந்த வீடு ஜூன் மாதத்திலிருந்து சும்மா கிடந்தது.

கவுன்சிலில் புகார் கொடுத்தேன். ஓர் அதிகாரி வந்தார், வேனைச் சுற்றிப் பார்த்தார், நாயைத் தடவிக் கொடுத்தார்.

“எதாவது பண்ணுவீங்களா மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

“அவங்கள எங்கம்மா போகச் சொல்றது?”

“அதுக்குத்தான உங்களுக்குச் சம்பளம்.”

சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த கூட்டத்தில் ப்ரியானா எழுந்து வாய் கிழியப் பேசினாள். வேனில் வாழ்கிறவர்களை யாரும் துரத்தக்கூடாது, அவர்களுக்காகக் கடற்கரைக் கழிப்பறையை ராத்திரியிலும் திறந்து வைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். கைதட்டல் வேறு. அந்தக் கழிப்பறையின் கதவு உடைந்து குளிர்காலம் முழுக்கப் பூட்டியே கிடந்தது. இதுதான் இவர்களுடைய கருணை.

ஆக, யாரும் எதுவும் செய்யப்போவதில்லை என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. கோபம் வந்தவர்கள் கத்துவார்கள். நான் சாமான் வாரத்துக்காகக் கொட்டகையை ஒழித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பனி கடுமை. காலையில் வேன் கண்ணாடி உள்பக்கம் உறைந்திருப்பது என் சமையலறையிலிருந்தே தெரிந்தது. வாடகை வீட்டில் இருந்த கேஸ் ஹீட்டரை உருட்டிக்கொண்டு வந்து புல்தரையில் வைத்தேன். பார்வையாக, ஒரு துணியால் துடைத்தும் வைத்தேன். கெரின் வேலைக்குப் போகிற வழியில் நின்றுவிட்டாள். அந்த ஹீட்டரின் முன்னால் எத்தனையோ வருஷம் உட்கார்ந்தவள், பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

“ஐயோ, இத ஏன் மாவிஸ் தூக்கிப் போடறீங்க? நல்லாத்தான எரிஞ்சிட்டிருந்துச்சு?”

“புதுசு வாங்கிட்டேன்.”

“நான் எடுத்துக்கலாமா? வேன்ல கேஸ் சிலிண்டர் இருக்கு, மாட்டிக்குவேன். இது ஓடும்ல?”

“கொழாயப் பாரு. வெட்டியா வெச்சிருக்கேன்?”

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஐஸாக இருந்தது. “உங்கள என்னென்னமோ நெனச்சிட்டேன் மாவிஸ். மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள். வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். ஹீட்டரைத் தூக்கி வேனில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். கனமான சாமான்.

மறுநாள் காலையில் நாய் விடாமல் குரைத்தது. கடல்பாசியில் புரண்டு நாறுகிறதென்று அதை வேனுக்கு வெளியே கட்டியிருந்தாள். அது கதவைப் பிறாண்டுவதும் குரைப்பதுமாக இருந்தது. நான் டோஸ்ட் தின்றுகொண்டே கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு கவுன்சிலுக்கு ஃபோன் செய்து நாய்த் தொந்தரவு என்று புகார் சொன்னேன். வழக்கம்போல யாரும் வரவில்லை. மத்தியானம், அவளை ஏன் வேலைக்குக் காணோம் என்று தேடிக்கொண்டு முதியோர் இல்லத்திலிருந்துதான் ஒரு பெண் வந்து வேன் கதவைத் திறந்தாள்.

தலைவலி வந்தால் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான் என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். நல்ல மனிதர். ஆனால் இந்தக் காலத்தில் யாரும் ஒரு விஷயத்தை உள்ளபடி சொல்வதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலே.

போலீஸ்காரர்கள் நீங்களே அவள் சாவை விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் அவளுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். ப்ரியானா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “கெரினைக் கொன்னது இந்தக் கவுன்சில்தான். அந்தக் கொலைய நாங்கதான் பண்ணோம்” என்றாள். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். எனக்குத் தாங்கவில்லை. ஒரு கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடத் துப்பில்லாத கவுன்சில். எதையாவது தொடங்கி முடித்திருக்கிறதா? இது மட்டும் எப்படி அவர்கள் செய்ததாகும்? அதனால்தான் நானே வந்தேன்.

டார்கோ என்று ஒரு கேஸ் மெக்கானிக் இருக்கிறார், அவரைக் கேளுங்கள். கெரின் காலி செய்த பிறகு வாடகை வீட்டைச் சோதிக்க வந்தவர். அந்த ஹீட்டருக்குள் ஏதோ விரிசல் விட்டு நச்சுக்காற்று கசிகிறது, வாசனையே இருக்காது, மூடின அறையில் எரியவிட்டுத் தூங்கினால் எழுந்திருக்க மாட்டார்கள் என்றார். தெரியாமல் யாராவது எடுத்துப் போய்விடக்கூடாது என்று என் கண்ணெதிரே அதன் குழாயை அவரே வெட்டிப்போட்டார்.

புதுக் குழாய் நான் வாங்கி மாட்டினது. என் சொந்தக் காசு. அவளுக்காக இந்த ஊரில் கையை விட்டுச் செலவழித்தவள் நான் ஒருத்திதான், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.