ஈ காக்கா கூட ஏறல

இல்லண்ணா, முன்னாடி ஏறாதீங்க. பின்னாடி உக்காருங்க. அந்தத் துணிக்கட்டெல்லாம் கொஞ்சம் தள்ளிட்டு, ஆங், எனக்குப் பின்னாலயே. மெக்கானிக்கப் பின்சீட்டுல ஏத்தி ஓட்டிக் காட்டறாளே, இவளுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தோணும். பரவால்ல. காரணம் இருக்கு.

ஏற்கெனவே ரெண்டு பேரு பாத்தாச்சுண்ணா. முதல்ல எங்க தெரு முனைல ஷெட்டு வெச்சிருக்கறவரு. எங்க வீட்டுக்காரரோட ஒன்னாப் படிச்சவரு, அதனாலயே எனக்கு அவர் மேல பாதி நம்பிக்கைதான். அவரு ஓட்டினாரு, நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். வண்டி வாயில விரல வெச்சாக் கூட கடிக்காது, அப்படிப் போச்சு. அப்புறம் வேற ஒருத்தரு. இந்தத் தடவ நான் ஓட்டினேன், அவரு பக்கத்துல உக்காந்து காதத் தீட்டிக்கிட்டு வந்தாரு. அப்பவும் ஒன்னும் இல்ல. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரரு ஓட்ட, நான் பக்கத்துல. ம்ஹூம். நான் தனியா எடுத்துட்டுப் போனா மட்டும் டொக்கு டொக்குன்னு மண்டையில தட்டற மாதிரி வருது.

அவரு என்ன சொன்னாரு தெரியுமா, வண்டி நல்லாத்தான் இருக்கு, உன் காதுலதான் கோளாறுன்னாரு. சும்மா சொல்லலண்ணா, காது டாக்டர்கிட்ட அவரே கூட்டிட்டுப் போனாரு. பதினெட்டு வருஷத்துல தலைவலி மாத்திர வாங்கித் தர நேரமில்லாத மனுஷன், அரை நாள் லீவு போட்டாரு. டாக்டரு என்னைக் கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு, காதுல மாட்டி, என்னென்னமோ சத்தம் விட்டுப் பாத்துட்டு, உங்களுக்குப் பாம்புச் செவிம்மான்னு அனுப்பிட்டாரு. நான் கர்ட்டன் தைக்கறவண்ணா. மெஷின்ல ஊசி மொண்ணையானா அடுத்த ரூம்ல இருந்தே சொல்லிடுவேன். எங்கிட்டப் போய்க் காது கோளாறுன்னா எப்படி?

ஏன் இந்த ரோட்டுல வரேன்னா, அவரு ஆபீஸுக்குப் போற ரோடு இதுதான். ஏழு ஸ்பீடு பிரேக்கரு. இந்தா, முதல் ஆளு வருது. பேசாமக் கேளுங்க.

கேட்டுச்சா? கேட்டுச்சில்ல? அப்பாடா. என் காதுக்கு மட்டும் கேக்கற சத்தம் இல்லன்னு ஆச்சு.

சஸ்பென்ஷனா? சரி, அப்படியே வெச்சுக்குவோம். இப்ப ஓரமா நிறுத்தறேன், நீங்க முன்னாடி வாங்க. பெல்ட்டு போட்டுக்கங்க. ரெண்டாவது வருது பாருங்க. எங்க போச்சு உங்க சஸ்பென்ஷனு? மறுபடி இறங்கிப் பின்னாடி போங்க. கோவிச்சுக்காதீங்க, இதுதான் கடைசி. ம், இப்ப? வந்துடுச்சா.

அதத்தாண்ணா சொல்றேன். நிறுத்திட்டேன், நல்லாக் குனிஞ்சு பாருங்க, டார்ச்சு அந்த டப்பாவுல இருக்கு. முன்னாடி, என் பக்கத்து சீட்டுக்கு அடியிலயா? பின்பக்க போல்ட்டு ரெண்டும் இல்லையா? போன மாசம் புது சீட் கவரு போட்டாரு, அந்தக் கடையில கழட்டிட்டு சரியா மாட்டாம விட்டிருப்பாங்க. சீட் கவரு யாரு கேட்டா இப்பன்னு நான் அப்பவே யோசிச்சேன்.

ஆளு உக்காந்தா அமுங்கிக்கும், காலியா இருந்தா குதிக்கும், அப்படித்தானே? எனக்குத் தெரியும்ணா. தொழில் தெரிஞ்சவர் வாயால ஒரு தடவ கேக்கணும்னுதான் உங்கள ஏத்திட்டு வந்தேன்.

நானே சோதிச்சுட்டேன். அந்த சீட்டு மேல அவரோட ஆபீஸ் பைய வெச்சு ஓட்டினேன், சத்தம் வந்துச்சு. சாப்பாட்டுப் பையையும் சேத்து வெச்சேன், அப்பவும் வந்துச்சு. அப்புறம் துணிக்கட்டு. ஒரு கட்டு எட்டு கிலோ இருக்கும். ஒன்னு, ரெண்டு, மூணு வரைக்கும் அடங்கல. அஞ்சாவது கட்டு ஏத்தினப்புறம்தான் வாய மூடுச்சு. நாப்பது கிலோண்ணா. அது பையோட எடை இல்ல.

ஒரு மாசமா வாரத்துல அஞ்சு நாளு, போக ஏழு, வர ஏழு, இதே ஸ்பீடு பிரேக்கரு மேலதான் அவரும் போறாரு. ஒரு நாள் கூட சத்தம் கேக்கலையாம். அவரு காது மந்தமும் இல்ல, நான் சமையல்ரூம்ல முணுமுணுத்தா ஹால்ல இருந்து பதில் வரும். வழியில யாரையாவது ஏத்திக்கறீங்களான்னு பேச்சுவாக்குல கேட்டேன். ச்சே, தனியாத்தான் போறேன், தனியாத்தான் வரேன், ஈ காக்கா கூட ஏறாதுன்னாரு. ஈயும் காக்காயும் எத்தன கிலோண்ணா இருக்கும்?

வேண்டாம், ஸ்பானர உள்ள வைங்க. முடுக்க வேண்டாம். ஆபத்தா? யாருக்கு ஆபத்து? அந்த சீட்டுல உக்கார்றவங்களுக்கா? அதான் யாரும் உக்கார்றதே இல்லைங்கறாரே.

சரி சரி, அப்படிப் பாக்காதீங்க. நான் ஒன்னும் கொலைகாரி இல்ல. இன்னும் ரெண்டே நாளு, அப்புறம் நானே கொண்டாந்து விடறேன். வாங்க, முன்னாடியே உக்காருங்க, ஷெட்டுல விட்டுடறேன். இன்னிக்கு அவருக்கு லீவு, எந்திரிக்கறதுக்குள்ள நான் வீட்டுல இருக்கணும். ஒருவேள அவரு உங்களுக்குப் போன் பண்ணா, சத்தம் எங்கேருந்து வருதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

தினம் சாயங்காலம் அவரு செருப்பக் கழட்டறதுக்குள்ள கேட்டுடறேன், இன்னிக்காவது சத்தம் வந்துச்சான்னு. இவளுக்குக் காதுல இருந்து மூளைக்கு ஏறிடுச்சுன்னு சிரிக்கறாரு. அவரு வாயத் திறக்கற வரைக்கும் எனக்கு மூச்சே ஓடறதில்லண்ணா. ஆமா, டொக்கு டொக்குன்னு கேட்டுச்சு, உசிர வாங்கிடுச்சுன்னு ஒரே ஒரு நாள் அவரு எரிஞ்சு விழுந்தாப் போதும்.