சிவப்பு அட்டையும் நீல அட்டையும்

எனக்குக் கதைப் புத்தகம் படிக்கும் பழக்கமே கிடையாது சார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவனுக்கு, பேரம் பேச வருகிறவர்கள் சொல்லும் கதைகளே போதும்.

என் அக்கா மகள் ஷண்முகப்ரியாதான் இரண்டு தடித்த நாவல்களைக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தாள். ஒன்று சிவப்பு அட்டை, ஒன்று நீலம். இரண்டும் ஒரே தறியில் நெய்தவை. ஒரு இளவரசி, அரசனை எதிர்க்கும் கலகக்காரப் பையன், கூடாத காதல், நடுவில் நெருப்புக் கக்கும் பறவை.

"படிச்சிட்டு எது நல்லாருக்குன்னு சொல்லுங்க மாமா" என்றாள்.

படித்தேன். ஒரே ஒரு வித்தியாசம்தான். சிவப்பில் இளவரசி யாரையும் நம்பாமல் அவனோடு காட்டுக்குள் ஓடிவிடுகிறாள். நீலத்தில் தாய்மாமனிடம் சொல்கிறாள். அவர் கோட்டையின் பின்வாசலைத் திறந்துவிடுகிறார்.

கல்யாண வயதில் இருக்கிற பெண் இதை ஏன் என்னிடம் கேட்கிறாள் என்று புரியாதவனாக இருந்தால், நான் எப்போதோ கடையைச் சாத்தியிருப்பேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். தள்ளிவிட வேண்டிய புடவையை வாய் நிறையப் புகழ மாட்டோம். 'முந்தி கொஞ்சம் சிறுசும்மா' என்று ஒரு குறையை நாமே சொல்வோம். வந்தவர் நம்மை நம்பிவிடுவார்.

"நீலத்துல நடுவுல இழுவை ஜாஸ்திம்மா" என்றேன். "ஆனா அந்தப் பொண்ணுக்குப் புத்தி இருக்கு. சிவப்புல இருக்கிறது வெறும் வீம்பு."

கண் கலங்கிவிட்டாள். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னாள். பையன் கதிரேசன், ஊரூர் குப்பம், மீன்பிடிப் படகில் போகிறவன். வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம்.

கோபமா என்று கேட்கிறீர்கள். அவளுக்குக் காது குத்தியது என் மடியில் சார். நான் ஊர் ஊராக மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தேன். அவள் பெசன்ட் நகர் மணலில் அவனோடு சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் கல்லாவில் உட்காருகிறவன் அதை முகத்தில் காட்டக்கூடாது. சாட்சிக் கையெழுத்து நானே போடுகிறேன், மாப்பிள்ளையையும் என் காரிலேயே அழைத்து வருகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை கதிரேசன் புது வெள்ளைச் சட்டையில் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தான். பின்னால் என் கோடவுன் ஆட்கள் இருவர். திருவான்மியூர் தாண்டியதும் கேட்டான்.

"இன்னா மாமா, ஆபீஸ் அந்தாண்ட கீது, நீங்க இந்தாண்ட போய்க்கினு கீறீங்க?"

மாமா என்றான் சார். அது என் அக்கா பெற்றவள் என்னைக் கூப்பிடுகிற பேர்.

சவுக்குத் தோப்போரம் நிறுத்தினேன். ஆட்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவன் கழுத்தில் பார்சல் கட்டுகிற நைலான் கயிற்றைப் போட்டது நான். அடங்கும்வரை இறுக்கியதும் நான். அவர்கள் சம்பளக்காரர்கள், விட்டுவிடுங்கள்.

பிறகு பதிவு அலுவலகம் போனேன். மாலையோடு நின்றிருந்தாள். பையன் பயந்து ஓடிவிட்டான் என்றேன். நம்பவில்லை. நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

வெளியே பெஞ்சில் அவள் அழுகிற சத்தம் கேட்கிறது. தனக்கு யாருமே இல்லை என்று நினைத்துவிடப் போகிறாள். யாராவது போய், மாமா இருக்கிறேன் என்று சொல்லுங்கள் சார்.