உரூக் கோயில் சுவரும் என் ஒப்பாரியும்

அழுவுறதுக்குத்தானேய்யா கூப்பிட்டாங்க? அழுதேன். அது ஒரு குத்தமா? நீ படகுக் கழிய ஊனு, தம்பி அப்பகினா. நாளைப் பூசைக்குள்ள சுருப்பாக் ஊருக்குப் போயாகணும். அங்க கோயில்ல ஒப்பாரிக்காரர் எடம் காலியாம். வேற எவனாச்சும் முந்திக்கிட்டான்னா இந்த வயசுல நான் எங்க போவேன்?

என்ன அப்பிடிப் பாக்குற? படகுக்காரனுக்கு இது புதுசா? தாடி வெச்ச ஆம்பளையும் எங்க ஒப்பாரிக்காரக் கூட்டத்தச் சேத்துக்க மாட்டான், தறி நெய்யுற பொம்பளையும் சேத்துக்க மாட்டா; நாங்க ரெண்டுலயும் சேராத பொறப்பாம். எளவு விழுந்தா மட்டும் ரெண்டு கூட்டமும் என் வாசல்ல! அட, என்கி சாமி மனுசனப் படைக்கக் களிமண்ணு எடுத்தாரு. எங்களப் படைக்கத் தன் நகக்கண்ணு அழுக்கையே எடுத்தாரு. யாருய்யா நெருங்கின சொந்தம்?

எங்க விட்டேன்... ஆங், சொவரு. உரூக்குல இனன்னா அம்மா கோயில் சொவரு விரிசல் விட்டுருச்சு, இடிச்சுக் கட்டணும். தன் வீட்டப் பிரிச்சா அம்மாவுக்குக் கோவம் வரும். அதனால, பழைய செங்கல்ல உருவுனதுலேருந்து புதுசு எழும்புற வரைக்கும் நாங்க அழுது அவ மனசக் குளிர வெக்கணும். அதுவும் பொம்பளைங்க பேச்சுல அழணும். ஆம்பளைப் பேச்சு அவ காதுல ஏறாது.

வாயத் தொறந்தேன். கொத்தன் வேலையப் போட்டுட்டு மூக்கச் சிந்துறான். செங்கல் சொமந்தவ செங்கல்லையே கட்டிப் புடிச்சு அழுவுறா. வண்டி மாட்டுக்குக் கூட... சத்தியமாய்யா, கண்ணுல தண்ணி! பார்லி வெதைச்சது அறுப்புக்கு வந்துருச்சு, சொவரு முழங்கால் ஒசரம் ஏறல. கோயில் மேலாளு இனிம்சாரா வந்தான். "பெரியவரே, அம்மா மனசக் குளிர வெக்கச் சொன்னா கொத்தன் மனச ஏன் ஒடைக்கிறீரு? கொஞ்சம் கொறைச்சு அழுங்க"ன்னான். கொறைச்சா? நானா? அன்னிக்குக் கூடவே அழுதேன்!

என்னைத் தொரத்திட்டு தூதூன்னு இன்னொரு ஒப்பாரிக்காரனக் கூப்பிட்டான். தவளைத் தொண்டை! அவன் அழுதா நாய் எந்திரிச்சுப் போயிரும். சீக்கிரம் கட்டி முடிச்சா வாய மூடுவான்னு எல்லாரும் ஓடி ஓடிக் கட்டுனாங்க. சொவரு எழும்பிருச்சு. அம்மாவும் கோவிச்சுக்கல... அதுதான்யா வயித்தெரிச்சல்!

நம்பலியா? என் பாட்டுல ஒரே ஒரு அடி, கேளு. "ஐயோ என் வாசப்படியே, உன்ன மிதிச்ச காலு எங்க... என் அடுப்பே, உன்ன ஊதுன வாயி எங்க..."

தம்பி... கழி எங்க? ஏன்யா மொகத்த மூடுற? செத்த பொஞ்சாதி நெனப்பா? அழு, நல்லா அழு. இந்த எடத்துலதான் எல்லாருக்கும்... யோவ்! படகு ஆத்தோட இழுப்புல வந்த வழியே திரும்பிப் போகுதுய்யா! கழிய எப்ப விட்ட? அதோ உரூக் துறை தெரியுது. கரையில நிக்கிறது இனிம்சாராதானே?

நிக்கட்டும். மூக்கத் தொடைச்சுக்க. அடுத்த அடியிலதான் உசுரே இருக்கு... கேளு.